வளராத பிள்ளைகளின் சொத்து

ஜிம்களில் இப்போது தசையைப் பெருக்கும் சரக்கு என்று கிசுகிசுப்பாகப் பேசப்படும் ஐஜிஎஃப், முதன்முதலில் ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டது எலியின் விலாக் குருத்தெலும்பில். ஆண்டு 1957. இடம் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். வில்லியம் சால்மன், வில்லியம் டாகடே என்ற இருவருக்கும் தசையைப் பற்றிய யோசனையே அப்போது இல்லை. வளர்ச்சி ஹார்மோன் எலும்பை எப்படி நீட்டுகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி.

வளர்கிற குருத்தெலும்பு சல்ஃபேட்டை உறிஞ்சும். கதிரியக்கம் கொண்ட கந்தகத்தை அதில் கலந்துவிட்டால் எவ்வளவு உறிஞ்சியது என்று எண்ணிவிடலாம். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்ட எலியின் குருத்தெலும்பு சோம்பிக் கிடக்கும். அந்தக் குருத்தெலும்பைக் கண்ணாடித் தட்டில் வைத்து, வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக விட்டுப் பார்த்தார்கள். பெரிய அசைவு இல்லை. நல்ல எலியின் ரத்தச் சீரத்தை விட்டார்கள், மளமளவென்று உறிஞ்சியது. பிட்யூட்டரி இல்லாத எலியின் சீரத்தை விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அதே எலிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டு, காத்திருந்து, பிறகு சீரம் எடுத்து விட்டபோது மறுபடி உறிஞ்சியது.

அரசுக் கலைக்கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்த காலத்தில் இந்தப் பரிசோதனையைக் கரும்பலகையில் நான்கு தட்டாக வரைந்து காட்டுவேன். வளர்ச்சி ஹார்மோன் என்பது உத்தரவு போடும் கலெக்டர். கையில் மண்வெட்டி எடுப்பவர் வேறு ஆள் என்பேன். பாடப்புத்தகத்தில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கோ ஒரு முழு வகுப்பு தேவைப்படும். அந்த நான்கு தட்டுக்கு மேல் சுத்தமாக ஒரு விஷயத்தை நிரூபிக்க முடியும் என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

அந்த 'வேறு ஆள்' யாரென்று கண்டுபிடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கலெக்டரைத் தேடி ஒரு பெரிய கூட்டமே பிணவறைக்குள் நுழைந்துவிட்டது. இந்த வரலாற்றில் நான் நின்று பேச விரும்பும் இடம் அதுதான்.

மாட்டின் இன்சுலின் மனிதனுக்கு வேலை செய்யும். பன்றியினுடையதும் செய்யும். வளர்ச்சி ஹார்மோன் அப்படியில்லை. மனிதப் பிள்ளைக்கு மனிதருடையதோ குரங்கினுடையதோதான் வேண்டும். 1958-ல் மாரிஸ் ரேபன் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைப் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குப் போட்டு அவனை வளர வைத்துக் காட்டினார். உலகெங்கும் வளர்ச்சி நின்றுபோன பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அது என்ன செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிட்யூட்டரி பட்டாணி அளவுதான் இருக்கும். மண்டையோட்டின் அடித்தளத்தில், மூக்குக்குப் பின்னால், எலும்பில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பிரேதப் பரிசோதனையில் மூளையை எடுத்த பிறகுதான் அதைத் தொட முடியும். ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு சுரப்பி போதாது. வருடக்கணக்கில், வாரத்துக்குச் சில ஊசி என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சேகரிப்பு ஒரு தொழிலானது. பிரிட்டனில் பிணவறை ஊழியர்களுக்குச் சுரப்பிக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுத்தார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே தேசிய பிட்யூட்டரி முகமை என்று ஓர் அமைப்பு நடந்தது. அசிட்டோன் ஜாடிகளில் ஊறிய சுரப்பிகள் ஆய்வகங்களுக்குப் போயின. ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒன்றாக அரைத்து, கரைத்து, சுத்தம் செய்து குப்பியில் அடைத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,700 பிள்ளைகள் இந்த ஊசியில் வளர்ந்தார்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் கேட்டுச் செய்தார்களா என்ற கேள்வி அந்நாளில் பல ஊர்களில் எழவேயில்லை.

1985-ல் பல நாடுகளில் இது ஒரே மூச்சில் நின்றது. சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் நடை தள்ளாடி, நினைவு குழம்பி இறந்தார்கள். க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய். மூளையைச் சல்லடையாக்கும் அந்த நோய் வழக்கமாக முதியவர்களுக்கு வருவது. இருபது வயதில் வரக் காரணமே இல்லை. அரைத்த சுரப்பிகளில் ஏதோ ஒன்று நோயாளியுடையது. அதிலிருந்த, நோயைப் பரப்பும் ப்ரியான் என்ற புரதம் அந்தத் தொகுதிக் குப்பிகள் முழுவதிலும் கலந்துவிட்டது. அமெரிக்கா ஏப்ரலில் விநியோகத்தை நிறுத்தியது. பிரான்சில் மட்டும் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். சிலருக்கு ஊசி போட்டு இருபது, முப்பது வருடம் கழித்து நோய் வந்தது. உயரமாக வேண்டும் என்ற ஆசையில் பெற்றோர் கையைப் பிடித்து அழைத்துப்போன பிள்ளைகள் இவர்கள். 1985 அக்டோபரில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் செய்த ஹார்மோனை ஜெனென்டெக் நிறுவனம் விற்க அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் அமெரிக்காவில் பிணவறை யுகம் முடிந்து நொதித்தொட்டி யுகம் தொடங்கியது.

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் இன்னொரு கூட்டம் வேறு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ருடால்ஃப் ஃப்ரோஷ் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர். ரத்தச் சீரத்தில் இன்சுலினைப் போல வேலை செய்யும் ஆற்றல் எவ்வளவு என்று அளந்தார். பிறகு இன்சுலினை முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்துவிட்டு மறுபடி அளந்தார். ஆற்றலின் சிறு பகுதிதான் குறைந்தது. பெரும்பங்கு அப்படியே இருந்தது. இன்சுலின் இல்லாத இன்சுலின் வேலை! 1963-ல் அவர் இதை வெளியிட்டார். அதே ஜூரிக்கில் எர்ன்ஸ்ட் ரிண்டர்க்னெக்ட்டும் ரெனே ஹம்பெலும் மனித ரத்தத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, 1978-ல் அதன் அமினோ அமில வரிசையை முழுதாக வெளியிட்டார்கள். எழுபது அமினோ அமிலம் கொண்ட ஒற்றைச் சங்கிலி. பாதிக்குப் பாதி இன்சுலினின் சாயல். ஜூரிக்காரர்கள் தேடிய பொருளும் செயிண்ட் லூயிஸ்காரர்கள் குருத்தெலும்பில் கண்ட பொருளும் ஒன்றே என்று தெளிவானது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1, சுருக்கமாக ஐஜிஎஃப்-1, என்று பெயர் நிலைத்தது.

பொருள் தெரிந்துவிட்டது. அது இல்லாவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதைக் காட்டியவர்கள் இரண்டு ஊர்க்காரர்கள்.

முதல் ஊர் இஸ்ரேலின் பெட்டா டிக்வா. 1958-ல் அங்கே ஸ்வி லாரோன் என்ற குழந்தை மருத்துவரிடம் ஏமன் வழி யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் வந்தார்கள். உடன்பிறந்தவர்கள். வளர்ச்சி ஹார்மோன் இல்லாத பிள்ளைகளைப் போலவே முகம், அதே சிறு உருவம். ரத்தத்தை அளக்கும் வசதி வந்தபோது ஹார்மோன் குறையவில்லை, ஏகத்துக்கு அதிகமாக இருந்தது. 1966-ல் லாரோன் இதை வெளியிட்டார். ஹார்மோன்தான் கோளாறானது என்று முதலில் நினைத்தார்கள். 1984-ல் நோயாளிகளின் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்த பிறகே உண்மை தெரிந்தது: உத்தரவு வருகிறது, ஈரலில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யவில்லை. ஐஜிஎஃப் உற்பத்தியாகவில்லை. இவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை எவ்வளவு ஊற்றினாலும் பயன் கிடையாது.

இரண்டாவது ஊர் எக்வடோரின் தெற்கே ஆண்டிஸ் மலைச்சரிவில் உள்ள லோகா மாகாணம். ஸ்பெயினில் மதம் மாற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைக்கு முன் இந்த ஒதுக்குப்புறக் கிராமங்களில் குடியேறியதாகக் கருதப்படுகிறது. வெளியுலகத் தொடர்பு குறைவு, சொந்தத்துக்குள் திருமணம். ஊருக்கு ஊர் மூன்றரை, நான்கு அடி உயரப் பெரியவர்கள் இருந்தார்கள். அந்நாட்டு மருத்துவர் ஹைமே கெவாரா-அகிரே அவர்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார். 1990-ல் அவரும் அமெரிக்க மருத்துவர் ஆர்லன் ரோசன்ப்ளூமும் கூட்டாளிகளும் இருபது பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் பெண்கள். லாரோன் கண்ட அதே குறைபாடு. மரபணுவில் அதே இடத்துப் பிழை இஸ்ரேலில் மொராக்கோ வழி யூதர் ஒருவரிடமும் பின்னர் அகப்பட்டது.

கெவாரா-அகிரே அத்தோடு விடவில்லை. 99 பேரை 22 ஆண்டு தொடர்ந்து கவனித்தார். 2011-ல் கணக்கு வெளியானபோது உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த 99 பேரில் ஒருவருக்குக்கூட சர்க்கரை நோய் இல்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரை எடுக்கவில்லை. அதே ஊரில், அதே சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்த சாதாரண உயரச் சொந்தக்காரர்களுக்கு இரண்டும் வழக்கம்போல வந்தன. ஐஜிஎஃப் செல்லைப் பெருக்கும் பொருள். நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை. அதைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளத் துடிப்பவர்கள் லோகாவின் இந்தக் கணக்கை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். படித்தவர் யாரையும் நான் ஜிம் பக்கம் பார்த்ததில்லை.

தசை இந்த வரலாற்றுக்குள் கடைசியாகத்தான் நுழைகிறது. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ நியூயார்க்கில் தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை நாரின் மேலுறையை ஒட்டிச் சும்மா படுத்திருக்கும் சிறு செல்களைக் கண்டார். சேட்டலைட் செல்கள். நார் அறுபட்டால் இவை விழித்துப் பெருகி, அந்த நாரோடு ஒன்றிக் காயத்தை அடைக்கின்றன. பாரம் தூக்குகிறவனின் தசை தடிப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றை எழுப்பும் கைகளில் ஒன்று ஐஜிஎஃப்.

ஆனால் எந்த ஐஜிஎஃப்? ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு ஈரலில் உற்பத்தியாவது. 1999-ல் ஈரலில் மட்டும் ஐஜிஎஃப் மரபணுவை நீக்கிய எலிகளை இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. ரத்தத்தில் ஐஜிஎஃப் முக்கால்வாசி குறைந்துவிட்டது; எலிகளோ ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தன. ஒவ்வொரு திசுவும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தசையும் அப்படித்தான். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவப் பள்ளியில் ஜெஃப்ரி கோல்ட்ஸ்பிங்க் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார். முயலின் பின்னங்காலை, தசை நீண்டிருக்கும் நிலையில் மாவுக்கட்டுப் போட்டு, மின்தூண்டலும் கொடுத்தார். சில நாளிலேயே தசை தடித்தது. அந்தத் தசையில், ஓய்வாக இருக்கும் தசையில் இல்லாத ஐஜிஎஃப் வடிவம் ஒன்று தோன்றியதை அவர் குழு 1996-ல் வெளியிட்டது. மரபணுச் செய்தியை உடல் வெட்டி ஒட்டும்போது ஒரு சிறு துண்டு கூடுதலாகச் சேர்கிறது. மனிதனில் 49 எழுத்து. அது மூன்றால் வகுபடாத எண் என்பதால் அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுக்க இடம் மாறி, வால்பகுதி வேறாகிவிடுகிறது. இழுப்பாலும் பாரத்தாலும் பிறப்பதால் அதற்கு மெக்கானோ வளர்ச்சிக் காரணி, எம்ஜிஎஃப், என்று பெயர் வைத்தார்.

2003-ல் அதே வட்டாரத்து ஆய்வு ஒன்று என் வயதுக்காரர்களுக்கு உறைக்க வேண்டியது. 25 முதல் 36 வயது இளைஞர்களையும் 70 முதல் 82 வயது முதியவர்களையும் ஒருமுறை கால் பாரப் பயிற்சி செய்யவைத்து, சில மணி நேரத்தில் தொடைத் தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். இளைஞர்களிடம் எம்ஜிஎஃப் செய்தி எகிறியது. முதியவர்களிடம் அசையவில்லை. வயதானவன் தசை ஏன் மெலிகிறது, விழுந்தால் ஏன் சீக்கிரம் எழ முடிவதில்லை என்பதற்கான பல விடைகளில் இது ஒன்று.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லீ ஸ்வீனி தசை தேயும் நோய்ப் பிள்ளைகளையும் முதியவர்களையும் மனத்தில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். நாடியா ரோசந்தாலின் குழுவோடு சேர்ந்து, தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் ஐஜிஎஃப் மரபணுவை ஏற்றி எலியின் ஒரு காலில் ஊசி போட்டார். மறு காலை விட்டுவிட்டார். 1998-ல் முடிவு வந்தது: இளம் எலியின் அந்தக் காலில் தசை 15 சதவீதம் கூடியிருந்தது, கிழ எலியின் ஊசி போட்ட கால், போடாத காலைவிட 27 சதவீதம் வலுவாக இருந்தது. பத்திரிகைகள் அவற்றை 'ஷ்வார்ஸ்நெகர் எலிகள்' என்றன. அதற்குப் பிறகு ஸ்வீனிக்கு விளையாட்டு வீரர்களிடமிருந்து கடிதமும் தொலைபேசியும் குவிந்தன. பள்ளி ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர் ஒருவர் தன் அணிப் பையன்கள் அத்தனை பேருக்கும் இதைப் போட முடியுமா என்று கேட்டாராம். தசை தேயும் பிள்ளைகளுக்காகச் செய்த எலி, யார் வாசலில் போய் நின்றது பாருங்கள்.

இங்கிருந்து வரலாறு வியாபாரமாகிவிடுகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஐஜிஎஃப்-ஐயும் எம்ஜிஎஃப்-ஐயும் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. ஃபிஜித் தீவின் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் விஜய் சிங் 2013-ல் மான்கொம்பு ஸ்ப்ரே பயன்படுத்தியதாகச் சொன்னார். வளரும் மான்கொம்பில் ஐஜிஎஃப் உண்டு. பெரிய சர்ச்சையானது. அதே வருடம், அந்த ஸ்ப்ரேயைத் தடைசெய்யப்பட்டதாகக் கருதவில்லை என்று முகமை தெரிவித்ததும் அவர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. வாயில் அடிக்கும் புரதம் வயிற்றில் செரித்துப்போகும் என்பதை எங்கள் கல்லூரி முதலாண்டு மாணவர்களே சொல்லியிருப்பார்கள்.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் ஒரு ஜிம்முக்குப் போகிறான். கட்டை விரல் அளவுக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

"மாமா, இதப் பத்தி ஒங்களுக்குத் தெரியும்லா? எம்ஜிஎஃப்னு சொல்லுதாவ."

"ஏல, போட்டுட்டியா?"

"இல்ல மாமா. ஒங்கட்ட கேட்டுட்டுப் போடலாம்னுதான்."

கேட்டதற்கு அவன் அம்மா கும்பிடும் சாமிக்கு நன்றி. குப்பி மேல் ஒட்டிய சீட்டில் ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் போடக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை. அவன் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசியை விழுங்கும் விலை. கோல்ட்ஸ்பிங்க் கண்ட முழு மூலக்கூறு இதில் இல்லை. இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அதன் வால்நுனியை, 24 அமினோ அமிலத்தை, ஆய்வகத்தில் கோத்துச் செய்த துண்டு. அந்தத் துண்டு உடலுக்குள் தனியாக உண்டாகிறதா என்பதே ஆராய்ச்சியாளர்களிடையே வழக்கில் இருக்கும் விஷயம். 2014-ல் நோவார்டிஸ் நிறுவன விஞ்ஞானிகள் அதைத் தசைச் செல்களில் விட்டுப் பார்த்து, ஒரு விளைவும் காணவில்லை என்று எழுதினார்கள். எந்த நோய்க்கும் அது மருந்தாக அனுமதி பெற்றதில்லை. இத்தனையும் சொன்னேன். "அப்போ பைசா போச்சா மாமா?" என்றான். போச்சு என்றேன். குப்பியில் வெறும் வால்தான் இருந்தால் அதிர்ஷ்டம்; சுத்தமில்லாத பொடியை ஊசியில் ஏற்றினால் என்ன வரும் என்பதற்கு 1985-க்கு முந்தைய பிள்ளைகளின் கதையைச் சொல்லி அனுப்பினேன்.

உண்மையான ஐஜிஎஃப் மருந்து இருக்கிறது. மெகாசெர்மின் என்று பெயர். பாக்டீரியாவில் செய்வது. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, லாரோனின் பிள்ளைகளைப் போல ஐஜிஎஃப் கடுமையாகக் குறைந்தவர்களுக்கு. தினம் இருவேளை ஊசி. சாப்பாட்டை ஒட்டியே போட வேண்டும், இல்லையென்றால் ரத்தச் சர்க்கரை சரிந்து பிள்ளை மயங்கிவிடும். ஃப்ரோஷ் கண்ட இன்சுலின் குணம் அது. லோகாவில் 1990-ல் கணக்கெடுக்கப்பட்ட பெரிய பெண்களுக்கு இந்த மருந்தால் உயரம் கிடைக்காது. அவர்கள் எலும்பு நுனிகள் எப்போதோ மூடிவிட்டன.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வகுப்பிலேயே குட்டையான பிள்ளை ஒன்று இருந்தால், 'எங்க பரம்பரையே இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பிறந்தநாள்தோறும் சுவரில் நிறுத்தி அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நான்கு வயதுக்குப் பிறகு, பருவம் எய்துமுன், ஒரு வருடத்தில் நான்கு சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால், அந்தக் கணக்கோடு குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனையும் ஐஜிஎஃப்-ஐயும் ரத்தத்தில் அளக்கும் வசதி நம் ஊரில் இப்போது இருக்கிறது. எலும்பு நுனி மூடுவதற்குள் போங்கள்.